கவண் என்னும் ஒற்றைச் சொல்: இடைக்கால முற்றுகைக் கருவிப் பெயர்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

சிந்து நாட்டின் தேபல் துறைமுகத்தை அராபியப் படை முற்றுகையிட்ட நிகழ்ச்சியை (711–712) ஒன்பதாம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி தம் 'புதூஹ் அல்-புல்தான்' என்னும் நூலில் விவரிக்கிறார். முகம்மது பின் காசிமின் படையில் 'அரூஸ்', அதாவது 'மணப்பெண்', என்னும் பெயர்கொண்ட மஞ்சனீக் ஒன்று இருந்தது. அதனை இயக்க 500 பேர் வேண்டியிருந்தது என்பது அவர் தரும் செய்தி. ஊரின் நடுவில் உயர்ந்து நின்ற வழிபாட்டிடத்தின் உச்சிக் கொடிமரத்தை அது வீசிய கல் முறித்தது; அதன் பின்னரே ஊர் வீழ்ந்தது.

இத்தகைய பகுதிகளை ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர் மஞ்சனீக் நின்ற இடத்தில் பெரும்பாலும் 'காட்டபல்ட்' என்னும் சொல்லையே காண்கின்றனர். அதற்கு நேராகக் 'கவண்' என எழுதுவது நம் வழக்கம். விளைவு: '500 பேர் இயக்கிய கவண்'. கவண் என்பதோ தினைப்புனம் காப்போர் ஒரு கையால் சுழற்றிக் கல்லெறியும் கருவி. அதனை இயக்க 500 பேர் எதற்கு என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழுதல் வேண்டும். எழவில்லையெனில், அவர் அத்தொடரைப் பொருளுணராமலே கடந்துவிட்டார் எனக் கொள்ள வேண்டும்.

இக்கட்டுரை பிறர் பிழையைச் சுட்டுவதற்காக மட்டும் எழுதப்படுவதன்று. பல ஆண்டுகளுக்கு முன் வரலாற்றுக் கலைச்சொற் பட்டியல் ஒன்றினை உருவாக்கிய குழுவில் இக்கட்டுரையாளரும் இடம்பெற்றிருந்தார். காட்டபல்ட், மாங்கனல், டிரெபுஷே ஆகிய மூன்றிற்கும் 'கவண்' என ஒரே சொல்லைப் பரிந்துரைத்தவருள் அவரும் ஒருவர். எளிமை கருதிச் செய்த அம்முடிவு எத்துணை இழப்புக்கு இடமளித்தது என்பதை ஆராய்வதும், மாற்று வழிகளை முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மூன்று பொறிகள்

கல்லெறி பொறிகளை அவற்றிற்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்னும் அடிப்படையில் மூவகைப்படுத்தலாம்.

1.1. முறுக்கு விசைப் பொறி. விலங்கின் நரம்பு அல்லது மயிரால் திரித்த கயிற்றுக் கட்டுகளை இறுக முறுக்கி, அம்முறுக்கு விடுபடும் விசையால் கல்லையோ அம்பையோ செலுத்துவது. கிரேக்க, உரோமானியப் படைகளின் பொறிகளுள் சிறந்தவை இவ்வகையின. காட்டபல்ட் என்னும் சொல்லின் மூலமான கிரேக்கச் சொல் இவ்வுலகைச் சார்ந்தது.

1.2. இழுவிசைப் பொறி. நிலைக்கால்களின் மேல் ஓர் அச்சு. அச்சில் ஊசலாடும் நெடிய மரம். மரத்தின் குறுங்கையில் பல கயிறுகள் தொங்கும். நெடுங்கையின் நுனியில் கல்லைத் தாங்கும் கவண்வார் கட்டப்பட்டிருக்கும். ஆட்கள் ஒரே நேரத்தில் கயிறுகளை இழுக்க, நெடுங்கை எழுந்து கல்லை வீசும். சீனத்தில் தோன்றிய இப்பொறி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மத்தியதரைக் கடற்பகுதியை அடைந்துவிட்டது. தெசலோனிகி நகரை அவார்களும் சிலாவியரும் தாக்கியபோது இதனைப் பயன்படுத்தினர்.

1.3. எடைவிசைப் பொறி. அமைப்பு முன்னதே; ஆயின் கயிறிழுக்கும் ஆட்களுக்கு மாற்றாகக் குறுங்கையில் பெரும் எடை தொங்கவிடப்படும். எடை வீழ, நெடுங்கை எழும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது பரவத் தொடங்கியது. சலாகுத்தீனுக்காக 1187ஐ ஒட்டிய காலத்தில் அல்-தர்சூசி இயற்றிய போர்க்கருவி நூல், எடையால் இயங்கும் மஞ்சனீக்கைப் பாரசீகப் பொறி எனச் சுட்டி விளக்குகிறது. நூறு கிலோவைக் கடந்த கற்களையும் வீச வல்லது இது. மனிதர் இழுக்கும் விசை ஒவ்வொரு முறையும் மாறும். எடையின் விசை மாறாது. எனவே ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தாக்கி மதிலை உடைக்க இதுவே ஏற்றது. மதில்களின் கனமும் கோபுரங்களின் அமைப்பும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறியதற்கு இதனையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர் சுட்டுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்கள் இடைக்கால 'மாங்கனல்' என்பதை உரோமானிய முறுக்குப் பொறியாகவே படம் வரைந்து காட்டின. அச்சொல் பெரும்பாலான இடங்களில் இழுவிசைப் பொறியையே குறித்தது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே ஆங்கில நூலில் காணும் சொல்லும் நம்பகமான வழிகாட்டியன்று. ஆங்கிலம் முன்பே கலந்துவிட்டதை நாம் 'கவண்' என்று மேலும் கலக்கிவிடுகிறோம்.

தேபலின் 500 பேருக்கு இப்போது விளக்கம் கிடைக்கிறது. முறுக்குப் பொறிக்கு அத்தனை பேர் தேவையில்லை. எடைவிசைப் பொறி எட்டாம் நூற்றாண்டில் இல்லை. 'மணப்பெண்' இழுவிசைப் பொறி எனக் கொள்வதே பொருந்தும். முறைமாற்றி இழுத்தோரையும் சேர்த்துக் கூறிய எண்ணாக அது இருக்கலாம். எவ்வாறாயினும், அவ்வெண் மிகைக்கூற்றாக இடப்பட்ட அலங்காரமன்று. அது பொறியின் வகையைக் காட்டும் சான்று. அச்சான்றைச் செயலற்றதாக்கிவிடுகிறது நம் மொழிபெயர்ப்பு.

2. பெயர்களின் பயணம்

முற்றுகைப் பொறிகள் படைகளுடன் நாடு கடந்தவை. அவற்றின் பெயர்களும் அவ்வாறே. 'மங்கனோன்' என்னும் கிரேக்கச் சொல் கிழக்கே சென்று அரபியிலும் பாரசீகத்திலும் 'மஞ்சனீக்' ஆயிற்று. மேற்கே இலத்தீன் வழியாக 'மாங்கனல்' ஆயிற்று. சிலுவைப்போர்க் காலத்தில் மதிலின் இருபுறமும் நின்றோர் தத்தம் பொறியை ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களால் அழைத்தனர்.

தில்லி சுல்தான்களின் வரலாறுகளில் மஞ்சனீக்கோடு 'அர்ராதா', 'மக்ரிபி' ஆகிய பெயர்களும் வருகின்றன. 'மக்ரிபி' என்பதற்கு 'மேற்கு நாட்டது' என்பது பொருள். சீனத்திலும் இதனையொத்த வழக்குண்டு. குப்ளாய் கானின் படை சியாங்யாங் நகரை 1273இல் வென்றபோது, பாரசீகத்திலிருந்து வந்த இஸ்மாயீல், அலாவுத்தீன் என்னும் பொறியாளர் அமைத்த எடைவிசைப் பொறியைச் சீனர் 'ஹுயிஹுயி பாவ்', அதாவது 'இசுலாமியர் பொறி', என்றனர். கீழைச் சீனர் அதனை மேற்கினர் பொறி என்றனர். தில்லியிலும் 'மேற்கு நாட்டது' என ஒரு பொறிக்குப் பெயர் வழங்கிற்று. எந்தத் திசையிலிருந்து வந்தது என்னும் நினைவு பெயரில் தங்கிவிட்டது. இத்தகைய பெயரைக் 'கவண்' என மாற்றினால் அந்நினைவு அழிந்துபோகும்.

'பாவ்' என்னும் அச்சீனச் சொல்லின் எழுத்து வரலாறும் கருதத்தக்கது. கல்லெறி பொறியைக் குறித்தபோது அதன் வரிவடிவில் 'கல்' என்னும் உறுப்பு இருந்தது. வெடிமருந்துப் பீரங்கி வந்தபின் ஒலிப்பு மாறாமல் 'நெருப்பு' என்னும் உறுப்பு இடம்பெற்றது. சீன எழுத்தில் கண்ணுக்குப் புலனாகும் இம்மாற்றம் ஒலியெழுத்து மொழிகளில் புலனாவதில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளரே விழிப்புடன் காலத்தைக் கணித்தாக வேண்டும்.

3. துலாவும் கவணும்

டிரெபுஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பிறிதொரு பொருளும் உண்டு: பொன், நாணயம் போன்றவற்றை நிறுக்கும் நுண்ணிய தராசு. அச்சில் ஊசலாடும் கோல் என்னும் பொதுத்தன்மை இரண்டையும் இணைக்கிறது. வட இந்தியாவிலோ, கிணற்றுத் துலாவைக் குறிக்கும் 'டேங்குலி' என்னும் சொல், ராஜஸ்தானக் கோட்டைகளைப் பற்றிய வழக்கில் கல்லெறி பொறியையும் குறித்தது. ஒரு சமூகம் புதிய பொறியைக் கண்டபோது, அதனையொத்து இயங்கிய, நாள்தோறும் கண்ட பொருளின் பெயரையே அதற்கு இட்டது.

தமிழுக்கு இவ்விரு வழிகளும் ஒரே சொல்லில் திறக்கின்றன. 'துலாம்' என்பது தராசு. 'துலா' என்பது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்ற மரம். நிலைக்கால், அச்சு, சமமற்ற இரு கைகள், ஒரு கையில் எடை அல்லது ஆள், மறு கை நுனியில் சுமை ஆகிய கூறுகள் அனைத்தும் துலாவில் உள்ளன. சுமையாகிய சாலுக்கு மாற்றாகக் கவண்வார் கட்டினால் அதுவே டிரெபுஷே. ஆகவே 'கவண்' என்னும் நம் பழைய தேர்வு முற்றிலும் பிழையன்று. பொறியின் ஓர் உறுப்பின் பெயரை முழுமைக்கும் இட்டதே அதன் குறை. விடுபட்ட உறுப்பாகிய துலாவைச் சேர்த்தால் பெயர் நிறைவு பெறும்.

இதனடிப்படையில் பின்வருவன முன்மொழியப்படுகின்றன: பொதுப்பெயராகக் 'கல்லெறி பொறி', அச்சில் ஊசலாடும் மரத்தை உடையதற்குத் 'துலாக்கவண்', அதனுள் ஆள் இழுப்பது 'இழுகயிற்றுத் துலாக்கவண்', எடையால் இயங்குவது 'எடைத் துலாக்கவண்', முறுக்கு விசையால் இயங்குவது 'முறுக்குப் பொறி'. தனித்து நிற்கும் 'கவண்' கையால் சுழற்றும் கருவிக்கே உரியதாதல் வேண்டும். கவட்டைக் கொம்பில் ரப்பர் பட்டை கட்டிச் சிறுவர் அடிப்பது 'உண்டிவில்'. ஆங்கிலம் இதனையும் காட்டபல்ட் என்பதால் இவ்விடத்திலும் மயக்கம் நேர்வதுண்டு.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளைப் பட்டியலிடுகையில் 'ஐயவித்துலாம்' என ஒன்றைக் கூறுகிறது. பெயரில் 'துலாம்' இருப்பது கொண்டு டிரெபுஷேக்கு இதனையே வழங்கலாம் எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. அக்காப்பியம் பெயரைத் தருகிறதேயன்றி இயங்குமுறையைத் தரவில்லை. இயங்குமுறை தெரிந்த ஒரு பொறிக்கு, இயங்குமுறை கூறப்படாத பொறியின் பெயரை இடுவது இருவகையில் தீங்கு பயக்கும். அயல்நாட்டுப் பொறி தெளிவிழக்கும். பழந்தமிழ்ச் சொல்லுக்கு நாம் அளித்த பொருளே நாளை அதன் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும். மொழிபெயர்ப்பு வரலாற்றுச் சான்றினை உற்பத்தி செய்தல் கூடாது.

4. விலங்குப் பெயர்கள்

முற்றுகைக் கருவிகளுக்கு விலங்குப் பெயரிடுதல் பல மொழிகளிலும் காணப்படுகிறது. கதவையும் மதிலையும் இடிக்கும் நெடுமரம் கிரேக்கத்தில் 'கிரியோஸ்', இலத்தீனில் 'ஆரியெஸ்', அரபியில் 'கப்ஷ்'. மூன்றிற்கும் ஆட்டுக்கடா என்பதே பொருள். தமிழில் இதனை 'இடிகட்டை' என்போரும், சொல்லுக்குச் சொல்லாக 'ஆட்டுக்கடா' என்போரும் உளர். முன்னது உருவகத்தை இழக்கிறது. பின்னது நகைப்புக்கு இடமாகிறது. 'தகர்' என்னும் சொல் ஆட்டுக்கடாவைக் குறிப்பதோடு உடைத்தலையும் நினைவூட்டுகிறது. பின்வாங்கிப் பாயும் தகரைத் திருக்குறள் காலமறிதல் அதிகாரத்தில் உவமையாக்கியிருப்பதும் நாம் அறிந்ததே. தொங்கும் மரத்தைப் பின்னிழுத்து முன்னோக்கி மோதவிடும் இக்கருவியின் இயக்கமும் அதுவே. 'தகர்ப்பொறி' என்பது உருவகத்தையும் செயலையும் ஒருசேரக் காக்கும்.

ஆயின் விலங்கொப்புமை எல்லா இடத்தும் கைகொடுப்பதில்லை. ஆங்கிலத்தில் 'பெண்பன்றி' எனப்பட்டது, மதிலடியை அகழ்வோர் தம்மைக் காத்துக்கொள்ள உருட்டிச் சென்ற கூரைக்கொட்டில்; அது புறத்தோர் கருவி. சிலப்பதிகாரப் பட்டியலில் வரும் 'பன்றி' மதில்மேல் அமைந்தது. அது அகத்தோர் கருவி. பெயர் ஒன்று, தரப்பு நேரெதிர். இரண்டையும் இணைத்தால் தாக்குவோர் காப்போராகிவிடுவர். இங்கு 'நகரும் காப்புக் கொட்டில்' என விளக்கி எழுதுவதே தக்கது.

இவ்விடத்தில் தொல்காப்பிய உழிஞைத் திணையின் 'அகத்தோன்', 'புறத்தோன்' என்னும் பகுப்பு மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிதும் பயன்படும். 'முற்றுகையிட்டவர்கள்', 'முற்றுகையிடப்பட்டவர்கள்' என்னும் நெடிய செயப்பாட்டு வடிவங்கள் ஒரு பக்கத்தில் பத்து முறை வரும்போது வாசகர் தடுமாறுகிறார். 'புறத்தோர்', 'அகத்தோர்' என்பன குறுகியவை, தெளிவானவை. தமிழ் இலக்கண மரபில் இதே பொருளுக்கு வழங்கியவை.

5. அரண் உறுப்புகள்

5.1. தோஞ்ஜோன். ஐரோப்பியக் கோட்டையின் உள்ளே, இறுதிக் காப்பிடமாகவும் தலைவனின் உறைவிடமாகவும் நின்ற பெருங்கோபுரம் பிரெஞ்சில் 'தோஞ்ஜோன்'. இச்சொல் ஆங்கிலத்தில் 'டஞ்சன்' ஆகி நிலவறைச் சிறையைக் குறிக்கலாயிற்று. கோபுரத்திற்குப் பிற்காலத்தில் 'கீப்' என்னும் பெயர் வழங்கிற்று. பழைய நூல்களில் இச்சொல்லைக் கண்டதும் 'பாதாளச் சிறை' என எழுதினால், மன்னன் தன் சுற்றத்துடன் சிறைக்குள் புகுந்து போரிட்டதாக முடியும். 'உட்கோபுரம்' அல்லது 'தலைமைக் கோபுரம்' எனல் வேண்டும்.

5.2. போர்ட்கல்லிஸ். வாயிலின் மேலிருந்து காடிகளின் வழியே இறங்கும் கனத்த கிராதிக் கதவு. ஆங்கிலப் பெயர் 'வழுகி இறங்கும் கதவு' என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. பிரெஞ்சிலோ இதற்குப் 'பரம்பு' என்னும் உழவுக் கருவியின் பெயரும் உண்டு, அதன் பற்களைக் கருதி. தமிழில் 'சீப்பு' நினைவுக்கு வரும். மரபுரைப்படி அது கதவுக்கு வலுவாக நிலத்தில் இறங்கும் மரம். இரண்டும் மேலிருந்து கீழிறங்குவன. ஆயின் சீப்பு கதவைத் தாங்குவது, போர்ட்கல்லிஸ் தானே கதவாவது. எனவே 'வீழ்கதவு' என்பதே தக்கது. மாறாக, 'ஏப்புழை' என்னும் பழஞ்சொல் (ஏ = அம்பு, புழை = துளை) மதிலில் அம்பெய்ய விட்ட துளையை அப்படியே குறிக்கிறது. இடமும் பயனும் ஒத்திருப்பதால் இதனைத் தயக்கமின்றி ஆளலாம்.

5.3. மைன். இங்கு நேரும் பிழையே கடுமையானது. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, தலைமைக் கோபுரத்தின் ஒரு மூலையின் கீழ்ச் சுரங்கம் அகழ்ந்து மரக்கால்களால் தாங்கச் செய்தார். உண்பதற்கு ஆகாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்புமாறு ஆணையிட்டார். அவற்றின் கொழுப்பால் மூட்டிய தீயில் மரக்கால்கள் எரிய, மூலை சரிந்தது. சதுரக் கோபுரங்கள் மூன்றும் பின்னர்க் கட்டிய வட்டக் கோபுரம் ஒன்றுமாக அக்கட்டடம் இன்றும் நிற்பது இதன் அடையாளம். அக்காலத்தில் இங்கிலாந்தில் வெடிமருந்து இல்லை. 1567இல் அக்பர் சித்தூரை முற்றியபோது அமைத்த சுரங்கங்களிலோ வெடிமருந்து இடப்பட்டது. இரண்டும் ஒருசேர வெடிக்காமல் ஒன்று பிந்தியமையால் முன்னேறிய படையினர் ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். ஆங்கில நூல்கள் இரண்டையும் 'மைன்' என்கின்றன. முன்னதற்கு 'வெடி' என்னும் சொல் எவ்வடிவிலும் வருதல் ஆகாது. பின்னதற்கு 'வெடிச்சுரங்கம்' வேண்டும். 'கண்ணிவெடி' இரண்டிற்கும் பொருந்தாது.

'சுரங்கம்' என்பதும் பயணம் செய்த சொல்லே. வடமொழி 'சுருங்கா', குழலையும் சுரங்க வழியையும் குறித்த 'சூரிங்க்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. 'சுருங்கை' எனப் பழந்தமிழிலும் அது வழங்கிற்று. இதனைக் கடன்சொல் என ஒதுக்குவோர் முற்றுகைக்கலையின் வரலாற்றையே ஒதுக்குகின்றனர்.

6. மூலம் கூறாத இடங்கள்

அலாவுத்தீன் கல்ஜியின் தளபதி நுஸ்ரத் கான் 1301இல் ரணதம்பூர் முற்றுகையில் உயிரிழந்தார். பாஷீப், கர்கஜ் ஆகியன அமைக்கும் பணியை மேற்பார்த்தபோது கோட்டைக்குள்ளிருந்து மக்ரிபி வீசிய கல் தாக்கியது என்பது பரனியின் செய்தி. பாஷீப் என்பது மதிலின் உயரத்துக்கு எழுப்பும் சரிவான மேட்டுவழி. கர்கஜ் என்பது மதிலை எதிர்நோக்கும் உயர்மேடை. இவ்விரண்டையும் 'மண்மேடு' என ஒரே சொல்லால் பெயர்த்தால், புறத்தோர் செய்தது என்னவென்றே தெரியாது.

மக்ரிபியோ வேறுவகைச் சிக்கல். அது எவ்விசையால் இயங்கியது எனப் பரனி கூறவில்லை. பிற சான்றுகளைக் கொண்டு நாம் ஊகிக்கலாம். ஆயின் ஊகத்தை அவர் வாயில் வைத்தல் ஆகாது. 'எடைத் துலாக்கவண்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு மூலத்தை மிஞ்சிவிடுகிறது. 'கவண்' என்று எழுதினால் மூலத்தைக் குறைத்துவிடுகிறது. 'மக்ரிபி என்னும் கல்லெறி பொறி' என எழுதுவதே நேர்மை. தேபல் பகுதிக்கும் இதே விதி பொருந்தும்: பனுவலில் '500 பேர் இயக்கிய, அரூஸ் (மணப்பெண்) என்னும் மஞ்சனீக்', அது இழுகயிற்றுத் துலாக்கவணாதல் வேண்டும் என்னும் விளக்கத்திற்கு உரிய இடம் அடிக்குறிப்பு.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நெறிகளைத் தொகுக்கலாம். இயங்குமுறை மூலத்தில் தெளிவாயின், இயங்குமுறையால் பெயரிடுக. பெயர் மட்டுமே கூறப்பட்டிருப்பின், பெயரை நிறுத்திப் பொதுப்பெயரால் விளக்குக. பழந்தமிழ்ச் சொல்லை இடமும் பயனும் தரப்பும் ஒத்தவழி ஆளுக. ஒலியோ உருவகமோ ஒத்தது கொண்டு ஆளற்க. வெடிமருந்துக்கு முந்திய காலத்துக்குப் பிந்திய காலச் சொல்லை ஏற்றற்க.

இவ்வளவு நுணுக்கம் மாணவர்க்கான நூலில் தேவையா என்னும் வினா எழும். கலைச்சொற் குழுவில் அன்று எழுந்ததும் இவ்வினாவே. தேவையில்லை என்பதே நாங்கள் அன்று அளித்த விடை. ஆயின் ஒரு கோட்டை ஏன் வீழ்ந்தது, ஒரு மதில் ஏன் கனத்தது, ஒரு படைக்கு ஏன் 500 பேர் வேண்டியிருந்தது என்னும் வினாக்களுக்கான விடைகள் இச்சொற்களில் அடங்கியுள்ளன. தமிழ் வழியே வரலாறு பயிலும் மாணவர் அவ்விடைகளைப் பெற ஆங்கில நூலைத் தேடிச் செல்ல நேரின், அக்குறை மொழியினுடையதன்று. துலாவும் கவணும் தமிழில் முன்பே இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தவறியவர் நாமே.